எங்கள் பக்கம் வராத விடுதி

எனக்கு மனு எழுத வரும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் நான். சர்க்கார் ஆபீசில் கடிதம் எழுதியே காலம் தள்ளியவன். ரிடையரான பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லையா, சாக்கடை அடைத்துக்கொண்டதா, கன்டோன்மென்ட் பக்கத்து எங்கள் பழைய பேட்டையில் எல்லோரும் என் வீட்டுக் காலிங் பெல்லைத்தான் அமுக்குவார்கள். உட்காரவைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் முடித்துக் கொடுப்பேன். என் மனுவுக்குப் பதில் வராமல் இருந்ததில்லை என்று எனக்கு மண்டைக்கனம் உண்டு.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்னை மடக்கினார். பூங்காவுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த பழைய டிஸ்பென்சரிக் கட்டடத்தை, வீடு இல்லாதவர்கள் தங்கும் விடுதியாக மாற்றப்போகிறார்களாம்.

"குடிகாரன், கஞ்சா கேஸு எல்லாம் நம்ம வாசல்லதான் வந்து விழும். நீங்கதான் சார் ஸ்ட்ராங்கா ஒண்ணு எழுதணும்."

குடிகாரன், கஞ்சா என்றெல்லாம் எழுத எனக்குப் பிடிக்கவில்லை. அது நாகரிகம் இல்லை என்று தோன்றியது. அதனால் மரியாதையாக எழுதினேன். வீடற்றோருக்கு விடுதி அவசியம், அதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எங்கள் தெரு குறுகலானது, பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, மழைக்குச் சாக்கடை பொங்குகிறது. அவர்களுடைய நலனைக் கருதியே இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேடும்படி கேட்டுக்கொள்கிறோம். 'அவர்களுடைய நலனைக் கருதியே' என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் மேஜை போட்டுக் கையெழுத்து வாங்கினோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் அவை. அப்போது ஏழைகளுக்குக் கம்பளி சேர்ப்பது எங்கள் பங்குக் கோயிலில் வருஷா வருஷம் உள்ள வழக்கம். அதற்கும் அதே மேஜைதான். ஒரு பக்கம் கம்பளியை வைத்துவிட்டு, மறுபக்கம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நானும் இரண்டு கம்பளி கொடுத்தேன். யாருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை, எனக்கும்தான்.

விடுதி வரவில்லை. டிஸ்பென்சரிக்கு இன்னொரு பூட்டு வந்தது. என் கடிதம் வாட்ஸ்அப்பில் ஏறி ஊர் சுற்றியது. முன்பின் தெரியாதவர்கள் போன் செய்து, "ஏரியா பேரை மட்டும் மாத்திக்கிறோம் சார், ஓகேவா?" என்று கேட்டார்கள். தாராளமாக என்றேன். இதை மனைவியிடம் நாலு தடவை சொல்லிக் காட்டினேன். அவள் 'ம்' என்றதோடு சரி.

சனிக்கிழமை தவறாமல் ஜீவனஹள்ளிப் பக்கம் மீன் வாங்கப் போவேன். அங்கே மீன்கடை ஓரமாக அரிவாள்மணை போட்டு, வாங்குகிறவர்களுக்கு மீன் சுத்தம் செய்து கொடுக்கும் ஓர் அம்மா இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். திருப்பத்தூர் பக்கம். புருஷன் போய், இருந்த அறையும் போய், மார்க்கெட்டில் மூடிக் கிடந்த ஒரு கடையின் வாசலில்தான் படுக்கை. வாய் சும்மா இருக்காது. "சார், இது முந்தாநேத்து மீனு, வாங்காதீங்க" என்று மீன்காரர் காதுபடவே சொல்வார். மீன்காரர் முறைத்தால் அவரையும் ஒரு கிண்டல் செய்வார்.

போன வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால், அந்த மூடிய கடையின் சொந்தக்காரர் வாசலுக்குக் கம்பிக் கதவு போட ஆரம்பித்தார். அந்தம்மா என்னிடம் கேட்டார்.

"கவுர்மெண்ட்ல படுக்க எடம் தர்றாங்களாமே சார்? பக்கத்துல எங்கனா இருந்தா எழுதிக் குடுங்க. காலைல அஞ்சு மணிக்கு வண்டி வந்து மீன் எறக்குவாங்க. அப்ப நான் இல்லன்னா என் எடத்துல வேற ஆளு குந்திக்கும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். ஐந்து மணிக்கு நடந்து வந்து சேரும் தூரத்தில் ஒரு படுக்கை.

"இதெல்லாம் ஒரு விஷயமா, நான் பாத்துக்கிறேன்மா" என்றேன்.

வார்டு ஆபீசுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். விடுதிகளைக் கவனிக்கும் அதிகாரி ஒரு கன்னடப் பெண்மணி. எரிந்து விழாத ஆள். ஊர்ப் படத்தை மேஜையில் விரித்தார். விடுதி இருக்கும் இடத்திலெல்லாம் பச்சைப் புள்ளி. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு கொஞ்சம். மேம்பாலத்தடியில் ஒன்று. குப்பை வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒன்று. பொம்மனஹள்ளி தாண்டிப் பெண்களுக்கென்று ஒன்றே ஒன்று. எங்கள் பக்கம் மொத்தமும் வெள்ளை.

"ஈ கடெ ஒந்தூ இல்லா சார்" என்றார். பிறகு எனக்காகத் தமிழுக்கு மாறினார். "இந்தப் பக்கம் ஒண்ணுகூட இல்ல சார். நாலு பில்டிங் பாத்தோம். நாலுக்கும் லெட்டர் வந்துச்சு. லெட்டர் வராத ஏரியாலதான் விடுதி ஆச்சு."

கோப்பைத் திருப்பிக் காட்டினார். நாலும் என் கடிதம். மேட்டு உச்சியில் இருக்கும் பேட்டைக்காரர்களும் மழைக்குச் சாக்கடை பொங்குவதாக எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடமே இல்லாத தெருவில் பள்ளிக்கூடம் இருந்தது. ஏரியா பேரை மட்டும் மாற்றுகிறோம் என்றவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். இந்த ஊரில் மனு எழுதத் தெரியாதவர்கள் எங்கெங்கே வசிக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் அந்தப் பச்சைப் புள்ளிகளைப் பார்த்தால் போதும்.

"நல்லா எழுதியிருக்காங்க" என்றார் அதிகாரி. "ஏழைங்களைப் பத்தி ஒரு தப்பு வார்த்தை இல்ல. அதான் மேலே யாரும் மறுத்துப் பேசலே."

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அந்தம்மா, "என்னா சார் எழுதியிருக்காங்க?" என்று கேட்டார்.

"எடம் இல்லன்னு எழுதியிருக்கும்மா" என்றேன். பொய் சொல்ல வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லப் பயமாக இருந்தது.

பொம்மனஹள்ளி தாண்டிய விடுதிக்கு நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். இரண்டு பஸ் மாறி, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் வெந்து போய்ச் சேர்ந்தோம். சுத்தமான இடம்தான், கட்டில், வெந்நீர் எல்லாம் இருந்தது. ஆனால் காலையில் கதவை ஆறு மணிக்குத்தான் திறப்பார்களாம். அதைக் கேட்டதும் அந்தம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் கட்டிலைப் பார்த்தேன்.

நாலாவது நாள் அவருடைய இடத்தில் வேறு பெண் உட்கார்ந்துவிட்டாள். விடுதியை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்கே திரும்பி வந்து, பஸ் நிழற்குடையில் படுத்து, ஒரு வாரம் மல்லுக்கட்டி இடத்தைத் திரும்பப் பிடித்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடித்து உடுத்திய சேலை காயவே காயாது. இருமல் வந்து தங்கிவிட்டது.

அப்படி ஒரு சனிக்கிழமை மீனைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "சார், உங்க வூட்டு போர்டிகோல ஒரு ஓரமா படுத்துக்கட்டா? நாலரைக்கெல்லாம் எந்திரிச்சுப் போயிடுவேன்" என்றார்.

"வீட்ல கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

மனைவி அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "போர்டிகோ எதுக்கு? பின்னாடி ரூம் சும்மாதானே கெடக்கு. இன்னிக்கே வரச் சொல்லுங்க" என்றாள். போகாமல் இருந்தது நான்தான். சங்கத்தில் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். மனு எழுதினவன் வீட்டிலேயே ஆளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டான் என்று சிரிப்பார்களே என்று யோசித்தேன். மழை விடட்டும், அடுத்த சனிக்கிழமை எப்படியும் போகப்போகிறோம், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு வாரத்தை ஓட்டினேன். என் கோழைத்தனத்துக்கு நான் வைத்த பெயர் நிதானம்.

சனிக்கிழமை அரிவாள்மணை முன்னால் அந்த வேறு பெண் இருந்தாள். மீன்காரர்தான் சொன்னார். "புதன்கிழமையே மூச்சு முட்டி ஆஸ்பத்திரில சேத்தோம் சார். நேத்து முடிஞ்சிடுச்சு. சொந்தம்னு யாரும் வரல."

அவரிடமே அந்தம்மாவின் பெயரைக் கேட்டுக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தெரியாது. மீன் வாங்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பிணவறை வாசலில் சிப்பந்தி ஒருவன் ரெஜிஸ்டரைத் திறந்து வைத்திருந்தான். பெயரைச் சொன்னேன். வயதைத் தோராயமாகச் சொன்னேன். "அட்ரஸ்?" என்றான். இல்லை என்றால் 'அனாதை' என்று எழுதி மூடிவிடுவான். ஆபீசில் இருந்தவனுக்கு அது தெரியாதா? என் வீட்டு எண்ணையும் தெருவையும் சொன்னேன்.

"நிம்ம மனேலி இத்ரா? உங்க வீட்லயா இருந்தாங்க?" என்று கேட்டான்.

"ஆமா. பின்னாடி ரூம்ல" என்றேன்.

அவன் அதை எழுதிக்கொண்டான்.