பெர்லினின் ஒன்பதாவது டப்பா

பெர்லின் எங்கள் அடுத்த வீட்டுக்காரி. வயது நாற்பத்துமூன்று. கணவர் ஆக்னல் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் கேரளப் பக்கம் இருப்பார். கொடைக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியின் சலவை அறையில் பதினான்கு ஆண்டுகள் துணி தேய்த்தவள் பெர்லின். நீராவியில் நின்று நின்று முகத்தில் எப்போதும் எண்ணெய் வழியும். உடன் வேலை செய்தவர்கள் "உன் மூஞ்சியில வடை சுடலாம்" என்று கேலி செய்வார்களாம்.

அறையைக் காலி செய்து போகிறவர்கள் விட்டுச் செல்லும் பவுடர் டப்பாக்களை அவள் தூக்கி எறியாமல் சேர்த்து வைத்தாள். பூசிக்கொள்ள அல்ல, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க. முப்பத்தொரு டப்பாக்களில் பத்தொன்பதில் ஒரே பெயர் இருந்தது: கயோலின். 2016-ஆம் ஆண்டு, அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் பள்ளி ஆய்வுக்கூடத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் இருப்புப் பதிவேடு எழுதியவன். அந்த வெள்ளைக் களிமண் எங்கள் அலமாரியிலும் இருந்தது.

"இது எண்ணெய் சுரக்கிறத நிறுத்திருமா சார்?" என்று கேட்டாள்.

நிறுத்தாது என்றேன். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்ததுதான் அந்தக் களிமண். தோலுக்கு மேலே வந்துவிட்ட எண்ணெயைத் தகடுகளுக்கு நடுவே இழுத்து வைத்துக்கொள்ளும். தோலுக்குள் நடப்பதில் அதற்கு வேலை இல்லை. அது நிரம்பிவிட்டால் முகம் மறுபடியும் மினுங்கும்.

அவள் அதோடு விடவில்லை. ஐந்து கிராம் பொடியை ஒரு பீங்கான் தட்டில் கொட்டி, தேங்காயெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கத்தி முனையால் பிசைந்து பார்த்தாள். பொடி உதிராமல் உருண்டையாகத் திரள ஐம்பத்துமூன்று சொட்டு பிடித்தது. அன்று முதல் ஒவ்வொரு மூட்டையையும் இந்தச் சோதனை முடிந்த பிறகுதான் பயன்படுத்துவாள். கயோலின் இரண்டு பங்கு, ஆரோரூட் மாவு ஒரு பங்கு. டப்பாவுக்கு ஐம்பது கிராம். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொண்டாள். ஏழு ஆண்டுகளில் ஒரு புகார் கூட வந்ததில்லை.

சரக்கு வத்தலக்குண்டிலிருந்து பேருந்தின் மேல்தட்டில் வரும். மலையேறும் பேருந்தில் காகிதச் சீட்டு ஒட்டி அனுப்பினால் மூடுபனியில் ஊறி உரிந்துவிடும். ஆகவே அங்கே பொடி வகைகள் விற்கும் கடைக்காரர் மூட்டையின் வாயில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டுவார். பெர்லினுக்குப் பச்சை. மன்னவனூரில் உருளைக்கிழங்கு போடும் செந்தில்வேலுக்கு நீலம்.

2023 ஆகஸ்ட் 16, புதன்கிழமை மாலை நல்ல தூறல். பேருந்து நிலையத்தில் இரண்டு மூட்டைகள் நனைந்து கிடந்தன. ஈர நூலில் பச்சையும் நீலமும் ஒரே கறுப்பாகத் தெரிந்தன. பெர்லின் கைக்கு வந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பழனியில் அடிவாரத்துக் கடைக்காரன் ஜெயமுருகன், ஆவணி முகூர்த்தங்களுக்காக இருபத்துநான்கு டப்பா வெரசாக வேண்டும் என்று கேட்டிருந்தான். எண்ணூறு கிராம் கயோலின் தேவை. பழைய மூட்டையின் அடியில் ஐந்நூறு கிராம்தான் இருந்தது. மீதி முந்நூறைப் புதிய மூட்டையிலிருந்து எடுத்தாள். சளி பிடித்திருந்ததால் வாசனை தெரியவில்லை. கையுறையும் முகக்கவசமும் எப்போதும் போடுவாள். எண்ணெய்ச் சோதனையை அன்று ஒருநாள் மட்டும் செய்யவில்லை.

ஒரு வாரம் கழித்து, 23-ஆம் தேதி காலை ஆறு ஐம்பதுக்குக் கைபேசியைக் கையில் பிடித்தபடி என் வாசலுக்கு ஓடிவந்தாள். அதில் செந்தில்வேலின் குரல் சத்தமாகக் கேட்டது.

"அக்கா, வெள்ளனே மருந்து கலக்குறேன். மயில்துத்தத்துல சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்துனா திரிஞ்சு கெட்டியா நிக்கணுமா இல்லையா? இங்க மேல தெளிஞ்சு நிக்குது, அடியில சேறு கெடக்கு. பொம்பளைங்க மூஞ்சிக்குப் பூசுறத என் கெழங்குக்குப் பூச வச்சுட்டீங்களா?"

அவன் சிரித்தான். பெர்லின் அழைப்பை வைத்துவிட்டு என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தாள்.

அவள் வீட்டில் இருந்த மூட்டையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மஞ்சள் தண்ணீரில் போட்டேன். ரத்தச் சிவப்பாக மாறியது. நீற்றிய சுண்ணாம்பு.

"இருபத்துநாலும் போயிருச்சே சார். எல்லாத்தையும் ஒண்ணாத்தானே கலந்தேன்."

ஜெயமுருகனுக்கு நான்கு முறை அழைத்தாள். எடுக்கவில்லை. ஏழு நாற்பது பேருந்தில் இருவரும் ஏறினோம். வளைவுகளில் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்கவில்லை. அவள் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எண்ணூறுல முந்நூறு. மாவையும் சேத்தா ஆயிரத்து எரநூறுல முந்நூறு. நாலுல ஒரு பங்கு சார். நாலுல ஒண்ணு தோலைச் சுடுமா?"

வியர்வை பட்டால் எரியும் என்று எனக்குத் தெரியும். கண்ணில் பட்டால் அதைவிட மோசம். அவளே கேட்டாள்: "சின்னப் பிள்ளைக்கு யாராச்சும் போட்டுவிட்டா?"

பத்து ஐம்பதுக்குக் கடையில் நின்றோம்.

"என்னக்கா, குளிர் தாங்காம வெயில் காய வந்தீங்களா?" என்றான் ஜெயமுருகன். "ஒங்க பவுடர் ஒம்பது போயிருச்சு. இன்னும் அனுப்புங்க."

"மிச்சம் பதினஞ்சையும் எடுத்து வை. ஒண்ணையும் விக்காத. ஒம்பதையும் யார் வாங்குனா?"

அவனுக்கு ஒருவரை மட்டும்தான் தெரிந்தது. பின்தெருவில் இருக்கும் சிவபாக்கியம். மறுநாள் காலை அவர் மகள் சுசித்ராவுக்குக் கல்யாணம்.

வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெர்லின் செருப்பைக் கழற்றி, "நான்தான்ங்க அந்தப் பவுடர் செய்யிறவ. அதப் போட வேணாம்" என்றாள். சிவபாக்கியம் புரியாமல் பார்த்தார். உள்ளேயிருந்து சுசித்ரா வந்தாள். இடது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு.

"நேத்து போட்டுப் பாத்தேன், காந்துச்சு. எண்ணெய் மூஞ்சிக்கு அது வேலை செய்யுதுன்னு அத்தை சொன்னாங்க. இன்னைக்குச் சாயங்காலம் நல்லாப் போடலாம்னு இருந்தேன்."

பெர்லின் தட்டில் மஞ்சள் கேட்டாள். கல்யாண வீடு, கரைத்தே வைத்திருந்தார்கள். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகையை அதில் தூவினாள். நாலில் ஒரு பங்கு என்பதால் நிறம் மாறாமல் இருந்துவிடாதா என்று நானும் நினைத்தேன். விளிம்பில் தொடங்கி மெதுவாகச் சிவந்தது.

"இது ஆரத்தியாச்சே!" என்றார் சிவபாக்கியம். "எம் மக மூஞ்சிக்கு ஆரத்தி கரைச்சு டப்பாவுல அடைச்சு வித்தீங்களா? நீங்கள்லாம் மனுசங்கதானா?"

"மூட்டைய மாத்தி எடுத்துட்டேங்க. சோதிச்சுப் பாக்காம கலந்துட்டேன். என் கைத்தப்பு" என்றாள் பெர்லின். நூல் நனைந்ததையோ சளியையோ சொல்லவில்லை.

தோல் மருத்துவரிடம் அவளே கூட்டிப்போனாள். கன்னத்தை நிறையத் தண்ணீரில் கழுவச் சொல்லி, ஒரு களிம்பு கொடுத்தார். மேல்தோல்தான், ஒருநாளில் அடங்கிவிடும். இன்னொரு முறை போட்டிருந்தால் கொப்பளித்திருக்கும் என்றார். திரும்பும்போது சுசித்ரா மட்டும் "வந்து சொன்னீங்களேக்கா" என்றாள்.

கடைக்கு முன்னால் தொங்கவிட ஓர் அட்டையில் பெர்லினே எழுதினாள்: இந்தப் பவுடரில் சுண்ணாம்பு கலந்துவிட்டது, போட வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். கீழே தன் பெயரும் கைபேசி எண்ணும்.

"கடைப் பேரு கெட்டுரும்க்கா" என்றான் ஜெயமுருகன்.

"ஒங் கடைப் பேரு இதுல எங்கப்பா இருக்கு? எம் பேருதான இருக்கு."

"யாத்திரை வந்தவங்க வாங்கியிருந்தா? அவங்க எப்பிடி இதப் படிப்பாங்க?"

அவள் அட்டையை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

சுசித்ராவின் டப்பா அன்றே கையோடு வந்தது. அடுத்த பதினோரு நாட்களில் ஏழு பேர் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்குக் கழுத்தில் எரிச்சல் இருந்தது. ஐந்து பேர் இன்னும் திறக்கவே இல்லை. ஆக எட்டு. அந்த எட்டையும் பதினைந்தையும் சேர்த்து, இருபத்துமூன்று டப்பாக்களை என் முன்னால் எடை போட்டுத் தனியாகக் கட்டி வைத்தாள்.

ஒன்பதாவது இன்றுவரை வரவில்லை.

மறுபடியும் தொழில் தொடங்க நான்கு மாதம் ஆனது. இப்போது நூலோடு தன் பெயர் வெட்டிய ஒரு பித்தளை வில்லையும் கட்டச் சொல்லியிருக்கிறாள். எண்ணெய்ச் சோதனைக்கு முன்பு மஞ்சள் சோதனையும் செய்கிறாள். ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் தேதி இருக்கிறது. ஜெயமுருகனும் வாங்குவோரின் எண்ணைக் குறித்து வைக்கிறான்.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் என் வீட்டுச் சுவர் வழியாகவே கேட்கும். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுவாள். "பெர்லின்தாங்க பேசுறேன்" என்பாள். நேற்றும் ஓர் அழைப்பு வந்தது. யாரோ வேன் வாடகை கேட்டார்கள். ஆக்னலின் எண்ணைச் சொல்லிவிட்டு, வைப்பதற்கு முன் கேட்டாள்: "நீங்க பழனியில பவுடர் ஏதும் வாங்குனீங்களாங்க?"