வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்

போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு லோரி டிரைவர் தன் மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "எந்த மருந்து?"

இரண்டே சொல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம்... கோலாலம்பூரில் ஒரு புற்றுநோய்ப் பிரிவில் நான் கிளினிக்கல் ட்ரையல் ஒருங்கிணைப்பாளர். புது மருந்து பழையதைவிட நன்றாக வேலை செய்கிறதா என்று, சம்மதிக்கிற நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதுதான் ட்ரையல். யாருக்குப் புதியது, யாருக்குப் பழையது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். அதைப் புரிகிற தமிழில் விளக்குவதும், சேர்ந்தவர்களைக் கூடவே இருந்து கவனிப்பதும் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இவ்வளவு நீளப் பதவிப் பெயரை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் யாராவது விசாரித்தால், "புள்ள ஆஸ்பத்திரியில ஆள் புடிக்கிறான்லா" என்கிறார். பெருமையாகத்தான் சொல்கிறார்!

சரி, ஆள் பிடிக்கிறவன் ஒன்றைக் கவனித்தேன். பெருங்குடல் புற்றுநோய் ஆண் பெண் பார்த்து வருவதில்லை. ஆனால் எங்கள் ட்ரையலில் சேருகிறவர்களில் ஆண்களே அதிகம். பெண்கள் பொறுமையாகக் கேட்பார்கள். ஆண்களைவிட நல்ல கேள்வி கேட்பார்கள். கடைசியில் — "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி." பிறகு வரும் பதில் பெரும்பாலும் 'வேணாம்'தான்.

அதனால் என்ன என்கிறீர்களா? ஒரே மருந்து ஆண் உடம்பில் ஒரு மாதிரியும் பெண் உடம்பில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளலாம். வாந்தி கூடலாம், களைப்பு குறையலாம். பெண்களே வராத இடத்தில் அதை யார் வந்து சொல்வது?

ஆண்களும் இதே வசனம் பேசுவார்கள். "வீட்ல கேக்கணும் பாஸ்." திரும்பிப் பார்த்தால் — அந்த 'வீடு' பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும்! மடியில் ஃபைல், காலடியில் சோற்றுக் கேரியர். "டாக்டர் நல்லதுன்னா சேருங்க, மத்தத நான் பாத்துக்குறேன்" என்று அது சொல்லும். முடிந்தது வேலை.

பெண்கள்? அநேகமாகத் தனியாக, கொமுட்டர் ரயிலில்.

சரோஜா அக்காவும் அப்படித்தான் போர்ட் கிள்ளானிலிருந்து வந்தார். (பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். "பேர மாத்திக்க, கதைய மாத்தாத" என்பது அவர் போட்ட நிபந்தனை.) வேர்ஹவுஸில் பேக்கிங் வேலை. குலுக்கலில் பழைய மருந்தே விழுந்தால் என்ன ஆகும், பிடிக்கவில்லையென்றால் பாதியில் விலகலாமா என்று எல்லாம் கேட்டார். முகத்திலேயே விருப்பம் தெரிந்தது. பிறகு அந்த வசனம். வார இறுதியில் வாட்ஸ்அப்பில் அவர் குரல்: "வீட்ல ஒத்துக்கல தம்பி. மன்னிச்சிக்க."

சேருவதும் சேராததும் அவர் உரிமை. பரவாயில்லை என்று பதில் போட்டேன். மனசுக்குள் மட்டும், முகம் தெரியாத அந்தக் கணவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

திங்கட்கிழமை வழக்கமான சிகிச்சையைத் தொடங்க வந்தார் அக்கா. லோரி ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் அன்று அதிசயமாகக் கணவர் மணியம் அண்ணனும் கூட. நான் வணக்கம் வைத்தேன். அக்கா சும்மா இருந்திருக்கலாம்... அறிமுகப்படுத்தினார். "இந்தத் தம்பிதாங்க அந்த மருந்தப் பத்திச் சொன்னாரு."

"எந்த மருந்து?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சுவரில் இருந்த கை கழுவும் போஸ்டரை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

"ஏதோ புது மருந்து ட்ரையலாம். நீங்க வேணாம்னுதான் சொல்லுவீங்க."

"நான் எப்ப சொன்னேன்?"

"அதுக்குன்னு தனியா வேற வியாழக்கிழமை வியாழக்கிழமை வரணுமாம். உங்களுக்கு லோரி. மகளுக்கு ஷா ஆலம்ல ஷிஃப்ட்டு. படுத்துக் கெடக்குற உங்க அப்பாவுக்கு மத்தியானம் யாரு சோறு குடுப்பா?"

மணியம் அண்ணன் அக்கா கையிலிருந்த ஃபைலை வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவரு எனக்கு அப்பா சரோஜா. எனக்குக் கை இல்லையா?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அக்கா யாரிடமும் கேட்கவே இல்லை. ரயிலில் போகும்போதே மனசுக்குள் கேட்டு, கணவருக்காக, மகளுக்காக, மாமனாருக்காக எல்லாருக்குமாகத் தானே 'வேணாம்' சொல்லிக்கொண்டார். ஆண் நோயாளிக்குக் கேட்பதற்கு ஒரு வீடு இருக்கிறது. பெண் நோயாளி? அவரேதான் அந்த வீடு. வீடு யாரிடம் போய்க் கேட்கும்?

அதற்குள் நர்ஸ் அக்காவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். வழக்கமான மருந்து ஒரு சொட்டு ஏறிவிட்டாலும் ட்ரையலில் சேர முடியாது. டாக்டர் அறைக்கு ஓடினேன்.

டாக்டர் கண்டிப்பான பெண்மணி. வந்ததும் முதல் காரியமாக மணியம் அண்ணனை டீ குடிக்க அனுப்பிவிட்டார். என்னையும் கதவோரம் நிறுத்திவிட்டு அக்காவிடம் கேட்டார்: "வீட்டைப் பத்தி அப்புறம் பேசலாம். உங்களுக்கு விருப்பமா?"

"மொத நாளே விருப்பந்தான் டாக்டர்" என்றார் அக்கா. "பழைய மருந்தே விழுந்தாலும் சரி. நாளைக்கு எம் மகளுக்குன்னு ஒண்ணு வந்தா, பொம்பளைக்கு இது என்ன செய்யும்னு அப்ப தெரிஞ்சிருக்கும்ல?"

நம் ஆட்கள் இந்த நாட்டில் ரயில் பாதை போட்டார்கள், ரோடு போட்டார்கள் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். பேச வேண்டியதுதான். போர்ட் கிள்ளானில் பெட்டி கட்டுகிற ஒரு அக்கா, இனி வரப்போகிற பெண்களுக்கு ஒரு பாதை போடுகிறாரே... அதையும் சேர்த்துப் பேசுவோம்.

சிகிச்சையைச் சில நாள் தள்ளிவைத்து, பரிசோதனைகளை முடித்து, அக்கா சேர்ந்துவிட்டார். கிடைத்தது புதிய மருந்தா பழையதா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ட்ரையலின் விதி அப்படி. அவர் வருகிற வியாழக்கிழமைகளில் மணியம் அண்ணன்தான் சமையல். "இவரு ரசத்துக்குப் பயந்தே மாமா எந்திரிச்சி நடந்துடுவாரு போல" என்கிறார் அக்கா.

போன வாரம் அவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் புதிதாக வந்திருந்த ஒரு பெண். நான் ட்ரையலைப் பற்றி விளக்கி முடித்ததும் அவரும் சொன்னார்: "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி."

நான் தலையாட்டினேன். சரோஜா அக்காதான் கழுத்தை மட்டும் திருப்பினார்.

"கேளும்மா, நல்லா கேளு. ஆனா வீடு சொல்ல வேண்டிய பதிலையும் நீயே சொல்லிடாத."