பின்சீட்டுக்கு ஒரு ஹெல்மெட்

என் இரண்டாவது மகளின் வீட்டுக்காரருக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியதைக் குறித்துவரும் வேலை. தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மீட்டர்காரர்தான். பல வருடங்களாக நடந்தே குறித்தார். வருடத்துக்கு மூன்று ஜோடி செருப்பு தேயும். நாய் இருக்கிற வீடு, மீட்டர் பெட்டிக்குள் குளவி கூடு கட்டிய வீடு, மீட்டரை மறைத்து அலமாரியைப் போட்டுவிட்டு "நாளைக்கு வாங்க" என்கிற வீடு எல்லாம் அவருக்கு மனப்பாடம். நல்ல மனிதர். மாமியாரைக் கூடவே வைத்துக்கொண்டு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான்தான் சில நாள் சுளித்திருக்கிறேன், அதை விடுங்கள்.

ஒன்று மட்டும் எங்களுக்குப் பிடிபடாமலே இருந்தது. யார் கூப்பிட்டாலும் பைக்கில் ஏறமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க சார், மழை வருது" என்றாலும், "நடந்தாத்தான் எனக்குப் பசி எடுக்கும்" என்று சிரித்துவிட்டுத் தொப்பலாக நனைந்து வருவார். அவருக்கு ஒரு அண்ணன் இருந்ததும், சின்ன வயதிலேயே வண்டியில் அடிபட்டுப் போனதும் கல்யாணம் பேசும்போதே தெரியும். அதற்கு மேல் அவர்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நாங்களும் கிண்டவில்லை.

பிறகு ஒரு நாள் அவருடைய ஆபீஸில் உத்தரவு போட்டார்கள். ஆட்களைக் குறைத்துவிட்டு ஆளுக்கு இரண்டு மடங்கு இடம். இவருக்குக் கிடைத்தது கல்குவாரியைத் தாண்டிப் புதிதாக முளைத்திருக்கும் வீடுகள். நடந்து முடிகிற தூரமா அது! மூன்று மாதத்துக்குள் சொந்த வண்டியும் லைசென்ஸும் காட்டினால் வேலை நிலைக்கும். காட்டாதவர்கள் கிடங்கில் தினக்கூலிக்குக் கம்பி சுற்ற வேண்டியதுதான். என் மகள் துணிக்கடையில் பில் போடுகிறாள். அவள் சம்பளம் வாடகைக்கே சரி. இவர் கிடங்குக்குப் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

அன்று சாயங்காலம் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்கெழுத உட்கார்ந்தார். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காதில் விழுந்த கணக்கு தப்பாது. புது வண்டி என்றால் எட்டு மாதச் சம்பளம். பழையது என்றால் மூன்று மாதம். பெயர் மாற்ற, இன்சூரன்ஸ் கட்ட, லைசென்ஸ் எடுக்க இன்னொரு அரை மாதம். பழகும்போது எப்படியும் கீழே போடுவார், உடையப்போகிற கண்ணாடிக்கும் கிளட்ச் கைப்பிடிக்கும் ஒரு வாரச் சம்பளம். மழைக்கோட்டு, கையுறை.

"ஹெல்மெட் ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"ரெண்டு எதுக்கு?" என்றாள் மகள்.

"பின்னாடி உட்கார்றவங்களுக்கு."

"அடேயப்பா! பதினாறு வருஷம் கழிச்சு என்னை ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போறாராம். அம்மா, கேட்டுக்கோ!"

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிக்கூட வைக்காமல் எழுந்து போய்விட்டார்.

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்தான் எங்களுக்கு யோசனை சொன்னவன். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். "முதல் வண்டிக்குப் புதுசு வேண்டாம் சார். கீழ போட்டா மனசு தாங்காது. சின்ன இன்ஜின், எடை கம்மி, உட்கார்ந்தா ரெண்டு பாதமும் முழுசாத் தரையில படணும். அது போதும். மத்ததெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் நானும் ஆட்டோவில் கிளம்பிவிடுவேன். என்னைக் கேட்காமல் எங்கள் வீட்டுக்கு ஒரு ஊசி வராது, வண்டி வந்துவிடுமா? ஐந்து வண்டி பார்த்தோம். மெக்கானிக் செயினை இழுத்துப் பார்ப்பான், டயரைத் தட்டிப் பார்ப்பான். மாப்பிள்ளை அதையெல்லாம் கவனிக்கவே மாட்டார். பின்சீட்டைத் தடவிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"இதுல பின்னாடி யார் யார் உட்கார்ந்திருக்காங்க?"

"என் சம்சாரம், ரெண்டு பசங்க, மாமனார், ஒரு தடவை ஆட்டுக்குட்டிகூட ஏத்தியிருக்கேன்" என்றார் ஒருவர் பெருமையாக.

"வேண்டாங்க" என்று நடந்துவிட்டார் மாப்பிள்ளை.

மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சார், நீங்க வண்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?"

ஆறாவது வண்டி ஒரு கடிகாரம் ரிப்பேர் செய்பவருடையது. கண் மங்கிவிட்டது என்று விற்கிறார். ஒன்பது வருட வண்டி. முன்பக்கம் சீட்டு அவர் உட்கார்ந்த இடத்தில் குழி விழுந்திருந்தது. பின்பக்கத்தில் கடையில் போட்டுத் தந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது, பழுத்து மஞ்சளாகி.

"பின்னாடி யாரு..." என்று மாப்பிள்ளை ஆரம்பிக்கும்போதே அவர் சொன்னார்: "யாரும் உட்காரல தம்பி. உட்கார எனக்கு யாரும் கிடையாது."

அவர் கேட்ட விலைக்கே மாப்பிள்ளை தலையாட்டிவிட்டார். நான் விடுவேனா? கால் மணி நேரம் நின்று பேசி, ஹெல்மெட்டுக்கு ஆகும் அளவுக்குக் குறைத்துத்தான் வண்டியைத் தொடவிட்டேன்.

ஹெல்மெட் கடையில் தனக்கு ஒன்றை ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டார். இரண்டாவதுக்கு ஒரு மணி நேரம். கடைக்காரர் எடுத்து வைப்பதையெல்லாம் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் காற்றில் உயர்த்தி, யாருடைய தலையையோ பிடித்துப் பார்ப்பதுபோல் அளவு காட்டினார். கடைசியில் எடுத்தது பெரிய ஆம்பிளைத் தலைக்கானது. மகள் மாட்டிப் பார்த்தாள். மூக்குவரை இறங்கியது. "எனக்கு வாங்கினதா, ஆனைக்கு வாங்கினதா?" என்று உள்ளேயிருந்து சிரித்தாள். கழற்றியவள் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

பழகுவதற்குக் காலையில் சந்தை மைதானம். சந்தை கூடாத நாளில் அங்கே ஈ காக்கை இருக்காது. அந்தப் பெரிய ஹெல்மெட்டைப் பின்சீட்டில் வைத்து வாரால் கட்டிக்கொண்டுதான் ஓட்டுவார். மூன்றே வாரத்தில் கியர் மாற்றவும் வளைக்கவும் கற்றுக்கொண்டார். எனக்குக்கூட மனசு லேசானது. அப்போதுதான் மெக்கானிக் வந்து வாசலில் நின்றான்.

"பெரியம்மா, உங்க மாப்பிள்ளை நல்லாத்தான் ஓட்டறார். ஆனா..."

"ஆனாவை முழுங்காம சொல்லு."

"பின்னாடி யாருக்கோ பதில் சொல்லிக்கிட்டே ஓட்டறார். 'சரிண்ணே, மெதுவாத்தான் போறேன்'ங்கறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. இன்னொண்ணு, பின்டயர்ல தினமும் காத்து இறங்குது. பஞ்சர் இல்ல, தண்ணியில முக்கியே பார்த்துட்டேன். ரெண்டு பேர் போற வண்டி மாதிரி தேயுது பெரியம்மா."

"உன் வாய்க்குத்தான் முதல்ல பஞ்சர் ஒட்டணும். போய் வேலையைப் பாரு" என்று விரட்டினேன். ஆனால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

லைசென்ஸ் பரீட்சைக்குப் போன அன்று அதிகாரி, "பின்னாடி என்ன அது? கழட்டுங்க" என்றாராம். கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கிளம்பினார். பத்தடி போயிருக்கமாட்டார். முதல் வளைவில் திரும்பிப் பின்னால் பார்த்தார். வண்டியோடு கீழே. அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஹெல்மெட்டை மறுபடி பின்சீட்டில் கட்டி, வீடுவரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஆபீஸ் கொடுத்த கெடுவுக்குப் பத்து நாள்தான் பாக்கி.

முழங்கைக் காயத்துக்கு நான்தான் மருந்து போட்டேன். போட்டுக்கொண்டே கேட்டேன்: "யாருங்க பின்னாடி?"

காயத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணன்தான் அத்தை. அவனுக்கு அது முதல் வண்டி. ரெண்டு மாசம் கடைகடையா ஏறி இறங்கி என்னை மாதிரியே தாள்ல கணக்குப் போட்டான். எல்லாத்துக்கும் காசு வச்சான். ஹெல்மெட் ஒண்ணுக்குத்தான் மிஞ்சிச்சு. இன்னொண்ணு அடுத்த மாசச் சம்பளத்துலன்னான். ஓட்டறவன் அவன், அவன்தானே போட்டிருக்கணும்? 'நீ சின்னப் பையன்டா'ன்னு என் தலையில மாட்டி வாரையும் இழுத்துக் கட்டினான். எனக்கு ஒரு கீறல்கூட இல்ல அத்தை. அவனுக்கு அப்ப இருபத்திமூணு. எனக்கு இப்ப நாப்பத்திமூணு. இன்னமும் என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிடறான்."

பிரமை, மனக்கோளாறு என்றெல்லாம் நான் சொல்லவில்லை. எனக்கு என்ன தெரியும்?

"வரட்டும். வேண்டாங்கல. ஆனா பரீட்சை அன்னைக்கு ஒரு பொழுது அவரை எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

"அவன் இருக்கமாட்டான் அத்தை."

"எப்படி இருக்கமாட்டார்? உங்களுக்கு அண்ணன்னா எனக்கும் மாப்பிள்ளை முறைதான். மாமியார் பேச்சைத் தட்டிடுவாரா? பார்த்துடறேன்."

அந்த நாள் காலை எட்டு மணிக்கு வாரை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் போங்கள் என்றேன். மகள் கடைக்குப் போயிருந்தாள். முன்னறை நாற்காலியில் நான் மட்டும். "இங்க பாருங்க மாப்பிள்ளை, உங்க தம்பி சோத்துக்கு வழி தேடிப் போயிருக்கார். அவர் வர்ற வரைக்கும் அசையக்கூடாது" என்று சொல்லிவிட்டு வாரைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

முதலில் பூப்போல இருந்தது. போகப்போகக் கனம். தொடை மரத்துப்போனது. பத்தரை மணி இருக்கும், வார் இழுபட்டது. நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வயதான கை, நடுங்குகிற கைதான். ஆனால் அன்று நடுக்கம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "உட்காருங்க, உட்காருங்க. அவர் மெதுவாத்தான் போவார்" என்று எத்தனை தடவை சொன்னேனோ, தொண்டை வறண்டுவிட்டது. எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்கப் பயம்.

பதினொன்றரைக்குத் தெருவில் வண்டிச் சத்தம். தள்ளிக்கொண்டு வரவில்லை, ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளே வந்து ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "பாஸாயிட்டேன் அத்தை" என்றார். அதை என்னிடம் சொன்னாரா, அதற்குச் சொன்னாரா தெரியாது. உள்ளே இருந்த பஞ்சு வியர்வையில் நனைந்து கிடந்தது. சமையல் ஆவி பட்டிருக்கும் என்றாள் மகள், சாயங்காலம் வந்து. அன்று எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்தால்தானே?

வேலை நிலைத்தது. இப்போது தினமும் ஏழு மணிக்கு என் மடியில் வைத்துவிட்டுக் குவாரி பக்கம் கிளம்புகிறார், நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறார். பின்டயரில் காற்று இறங்குவதில்லை. மெக்கானிக் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கமாகப் போய்விடுகிறான்.

போன மாதம் மகள் ஒரே பிடியாகப் பிடித்தாள். "உனக்குக் கிறுக்குப் பிடிக்கப்போகுதும்மா. அலமாரியில வச்சுட்டு நிம்மதியாப் படு." சரி என்று ஒரு நாள் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்று சாயங்காலம் முழங்காலில் பேண்ட் கிழிந்து, கண்ணாடி உடைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். குவாரி வளைவில் திடீரென்று பின்பக்கம் கனத்ததாம். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். நான் அலமாரியைப் பூட்டிய நேரம்தான்.

மகள் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. கடைக்குப் போகும் முன் தண்ணீர்ச் சொம்பை என் கை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். ஆகவே யார் வீட்டு விசேஷமானாலும் என்னை நாலு மணிக்கு மேல்தான் கூப்பிட வேண்டும். அதுவரைக்கும் எனக்கு வேலை இருக்கிறது.