ஆலிவ் எண்ணெயில் கழன்ற மோதிரம்

என் மனைவி திர்ஸா இருபத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவள். அதை விட்டுவிட்டுத்தான் கல்யாணப் படம் எடுக்க வந்தாள். தொழில் மாறியும் வாய் மாறவில்லை. மணப்பெண்ணுக்கு எதிரே போய் நின்று கேமராவைத் தூக்கி, "மூச்சை இழுத்துப் பிடி... ம், விடு" என்பாள். பெண் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பைத்தான் எடுப்பாள்.

நான் நிஸிம். கர்மியேலிலிருந்து ஹைஃபாவுக்கு முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன், இப்போது ஓய்வு. என்ன ஓய்வு! அவளுடைய பெட்டிகளைத் தூக்குவதும், வெயிலை முகத்துக்குத் திருப்பிவிடும் வெள்ளைத் தட்டியைப் பிடிப்பதும் என் வேலை. கேமராவைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. ஒரே ஒரு தடவை தொட்டேன். லென்ஸில் என் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது. இரண்டு நாள் பேசவில்லை அவள்.

நூறு பேருக்கு மேல் வரும் கல்யாணம் என்றால் திர்ஸா ஒப்புக்கொள்ள மாட்டாள். புகை கிளம்பும் மேடை, குதிரை வண்டி, இதெல்லாம் கேட்டால் போனை வைத்துவிடுவாள். யாரையும் "இப்படித் திரும்பு, அப்படி நில்" என்று சொல்ல மாட்டாள். போனதும் முதலில் விருந்தாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். "நான் ஹம்மஸ் தொட்டுச் சாப்பிடுறதைப் பாத்துட்டா, அப்புறம் யாரும் எனக்குப் பயப்பட மாட்டாங்க" என்பாள். வாஸ்தவம்தான். அவள் படங்களில் எல்லோரும் அவரவர் வீட்டில் இருப்பதுபோல் இருப்பார்கள்.

இவ்வளவு பேருக்குப் படம் எடுத்தவள் வீட்டில், எங்கள் கல்யாணப் படம் ஒன்றுகூடக் கிடையாது. சொன்னால் சிரிப்பீர்கள். முப்பத்தோரு வருஷத்துக்கு முன் எங்களுக்குப் படம் எடுக்க வந்த மனிதர், ஏற்கெனவே எடுத்து முடித்த பிலிம் சுருளையே மறுபடி மாட்டிவிட்டார். அதில் இருந்தது யாரோ ஒரு குழந்தைக்கு நுனித்தோல் அறுக்கும் விருத்தசேதனச் சடங்கு. கழுவி வந்ததில் பார்த்தால், திர்ஸாவின் முகத்திரைக்கு நடுவில் ஒரு சின்னக் கத்தி. என் மடியில் அழுகிற குழந்தை. எல்லாப் படமும் அப்படித்தான். நான் அவர் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர், "குழந்தைக்கு மஸல் தோவ்" என்று வாழ்த்தினார். நான் அடிக்காமல் வந்தது அவர் முன்னோர் செய்த புண்ணியம்.

என் மாமியார் அந்தப் படத்துக்கென்று எங்கள் கூடத்துச் சுவரில் முன்கூட்டியே ஓர் ஆணி அடித்து வைத்திருந்தாள். அதில் சாவிக்கொத்தை மாட்டிக்கொண்டோம். அந்த நாளிலிருந்து எங்களுக்கு மிஞ்சியது திர்ஸாவின் மோதிரம் ஒன்றுதான். கல் இல்லாத, எழுத்து இல்லாத, வெறும் தங்க வளையம்.

போன வருஷம், ஆலிவ் பறித்து முடித்த வாரம். வெள்ளிக்கிழமை மதியம், கலீலியில் ஓர் ஆலிவ் தோப்பில் கல்யாணம். பெண் ஹதாஸ், மாப்பிள்ளை யோத்தாம். தோப்பு ஹதாஸின் மாமா அம்ராமுடையது. மொத்தம் எழுபது பேர். யோத்தாம் செருப்புக் காலோடு நின்றான், ஹதாஸ் தானே கட்டிய பூச்சரத்தைத் தலையில் வைத்திருந்தாள். மேஜை மேல் பித்தா ரொட்டி, திராட்சை இலையில் பொதிந்த சோறு, புதிதாக ஆட்டிய எண்ணெய். நாய்கள் இரண்டு இஷ்டத்துக்குச் சுற்றின. திர்ஸாவுக்கு வாயெல்லாம் பல். "இதுதான்டா கல்யாணம்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

ஒரு மணிக்கு என்று சொன்னது, எல்லோரும் சாவகாசமாக வந்து சேரும்போது இரண்டு. சடங்கை நடத்திவைக்க வந்த குரு, ரப்பி எல்கானா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அவர் வீடு மலைக்கு மேலே. நாலு மணிக்கெல்லாம் சபாத் என்னும் ஓய்வுநாளுக்கு விளக்கு ஏற்றியாக வேண்டும், அப்புறம் காரைத் தொட மாட்டார்.

நாலு நண்பர்கள் நாலு கம்பைப் பிடிக்க, மேலே தொழுகைச் சால்வை கட்டிய பந்தல் எழுந்தது. ஹதாஸ் மாப்பிள்ளையை ஏழு சுற்றுச் சுற்றினாள். திராட்சை ரசம் குடித்தார்கள். ரப்பி கையை நீட்டினார். "மோதிரம்."

யோத்தாம் சட்டைப் பையைத் தடவினான். பிறகு கால்சட்டைப் பையை. பிறகு, கடவுளே, காதுக்குப் பின்னால்கூடத் தடவினான்.

"மறந்துடக் கூடாதுன்னு டூத் பிரஷ் பக்கத்துலேயே வச்சிருந்தேன்" என்றான்.

"டூத் பிரஷ் எங்கே?" என்று கேட்டாள் ஹதாஸ்.

"ஹைஃபாவில."

கம்பு பிடித்திருந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான், பந்தல் ஆடியது. ஹைஃபா போய் வர மூன்று மணி நேரம். ரப்பி தாடியைத் தடவிக்கொண்டு, "சட்டப்படி ஒரு நாணயம் கொடுத்தாலும் போதும். கல்யாணம் ஆயிடும்" என்றார். சொன்னது உண்மைதான். ஆனால் ஹதாஸின் முகம் விழுந்துவிட்டது. "என் பிள்ளைங்ககிட்ட நாணயத்தையா காட்டுறது?" என்றாள். அதுவரை சிரித்துக்கொண்டே இருந்த பெண்ணின் குரல் உடைந்து போயிற்று.

"அப்போ யாராவது உங்க மோதிரத்தைக் கொடுங்க. கல் வச்சது கூடாது. சும்மா வளையமா இருக்கணும்" என்றார் ரப்பி.

எழுபது பேரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். பாதிப் பேர் விரலில் ஒன்றுமே இல்லை. மீதிப் பேருக்குக் கல். ஒருத்தியுடையதில் மீன் முள் மாதிரி வேலைப்பாடு. மாப்பிள்ளையின் அம்மா விவாகரத்து ஆனவள்; தன் மோதிரத்தைக் கடலில் வீசி எறிந்ததைப் பெருமையாகச் சொன்னாள். அந்த நேரத்தில் அது யாருக்கு வேண்டும்!

திர்ஸா கேமராவை இறக்கினாள். இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "இது ஆகுமா ரப்பி?"

"ஆகும். ஆனா ஒண்ணு, திர்ஸா. இரவல் மோதிரத்தால கல்யாணம் பண்ண முடியாது. மோதிரம் மாப்பிள்ளையோட சொந்தமா இருக்கணும். சாட்சிகள் முன்னாடி நான் அவன்கிட்ட கேப்பேன். நீ கொடுத்தா கொடுத்ததுதான். மனசுக்குள்ள திரும்பி வரும்னு நினைச்சுக்கிட்டுக் கொடுக்காதே."

"நான் வாங்கிக்கிறேன்" என்று யோத்தாம் பர்ஸை எடுத்தான்.

"வாயை மூடு. நான் என்ன கடையா வச்சிருக்கேன்?" என்றாள் திர்ஸா.

ரப்பி என் பக்கம் திரும்பினார். "கொடுத்தவன் நீதானே? உனக்கும் சம்மதமா?"

எழுபது தலைகளும் என்னை நோக்கின. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மறைப்பானேன்? எவனோ ஒருத்தன் மோதிரத்தைக் குளியலறையில் வைத்துவிட்டு வருவானாம், என் கல்யாணம் விரலிலிருந்து கழன்று போகணுமாம். தட்டியைக் கீழே போட்டுவிட்டு அவளை ஒரு மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உனக்கென்ன பைத்தியமா? நமக்கு அந்த நாள்ல இருந்து மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்."

"அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாரு, நிஸிம்."

"எனக்கு எதுக்கு அவ மூஞ்சி? இது உன் கை. முப்பத்தோரு வருஷமா நான் பாக்குற கை."

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். விரலில் மோதிரத்தைத் திருகிக்கொண்டே, "நீ வேண்டாம்னா கொடுக்க மாட்டேன். சத்தியமா. அதுக்காக உன்னைத் திட்டவும் மாட்டேன்" என்றாள்.

திட்ட மாட்டேன் என்று அவள் சொன்னது எங்கள் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தால் அப்படிச் சொல்வாள்!

"அப்புறம் நமக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன். கொஞ்சம் அழுகையாகத்தான் கேட்டேன்.

"லூசு. நான் மிஞ்சியிருக்கேன்ல?"

திரும்பி வந்தோம். "சம்மதம்" என்றேன். ரப்பி காதில் கையை வைத்து, "என்ன?" என்றார். "சம்மதம்னு சொல்றேன்ல! எத்தனை தடவை சொல்லச் சொல்லுவீங்க?" என்று கத்தினேன். தோப்பு முழுக்கச் சிரிப்பு.

ஆனால் மோதிரம் சம்மதிக்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் விரல் பருத்து அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. திர்ஸா திருகினாள், இழுத்தாள், யோத்தாமைத் திட்டினாள். ரப்பி கடிகாரத்தைப் பார்த்தார். அம்ராம் மாமா மேஜைக்கு ஓடி எண்ணெய்ச் சாடியையே தூக்கிக்கொண்டு வந்து, "புது எண்ணெய், பொறந்து அஞ்சு நாள்தான் ஆச்சு" என்று அவள் கையில் கவிழ்த்தார். மணிக்கட்டு வரை வழிந்தது. மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்து புல்லில் விழுந்தது. ஒரு நாய் மோந்து பார்ப்பதற்குள் யோத்தாம் பாய்ந்து எடுத்தான்.

"யோத்தாம், இது உனக்கு. முழுசா உனக்கு" என்றாள் திர்ஸா. விரலில் மோதிரம் இருந்த இடம் வெளுத்து, குழிந்து, பிறந்த குழந்தையின் தோல்போல் இருந்தது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

ரப்பி அவசரமாகச் சாட்சிகளைக் கூப்பிட்டார். "இது உன் சொந்த மோதிரமா?" "சொந்தம்" என்றான் யோத்தாம். அப்போதுதான் திர்ஸா அலறினாள்.

"நிஸிம்! கேமரா!"

அவளுடைய இரண்டு கையிலும் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவ நேரமில்லை. மோதிரம் போடுகிற நேரம் ஒரு கல்யாணத்தில் ஒரே தடவைதான் வரும்.

"நானா?"

"வேற யாரு, நாயா? எடு! மேல இருக்கிற பட்டனை அமுக்கு! மூச்சை இழுத்துப் பிடி!"

கேமராவைத் தூக்கினேன். முப்பது வருஷம் பெரிய ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு, அந்தச் சின்னப் பெட்டியை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. "இந்த மோதிரத்தால் நீ எனக்குரியவள்" என்று யோத்தாம் சொல்லி, வழக்கப்படி ஹதாஸின் வலது ஆள்காட்டி விரலில் என் மோதிரத்தைப் போட்டான். நான் அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர். எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று எனக்கே தெரியாது. சடங்கின் கடைசியாக யோத்தாம் காலால் கண்ணாடி டம்ளரை மிதித்து உடைத்தான். "மஸல் தோவ்!" என்று எழுபது பேரும் கத்தினார்கள். ரப்பி ஒரு வாய் கேக்கை மென்றபடியே காருக்கு ஓடினார்.

ஹதாஸ் வந்து திர்ஸாவைக் கட்டிக்கொண்டாள். "திர்ஸா, ஹைஃபா போனதும் அந்த மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கிறேன், இதை உனக்கே திருப்பித் தந்துடறேன்."

"எந்த மோதிரத்தால கல்யாணம் ஆச்சோ அதுதான்டி உன் மோதிரம். போட்டுக்கிட்டுப் போ."

"அப்போ ஹைஃபாவுல இருக்கிறது?"

"உன் மாமியார்கிட்ட கொடு. கடல்ல எறிஞ்சு பழக்கம் இருக்கு."

அந்த மாமியார்தான் அதற்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை திர்ஸா கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்தாள். நான் காபி போடுவதுபோல் பாவனை செய்துகொண்டு சமையலறையிலேயே நின்றேன். நான் எடுத்தவை பதினோரு படம். நாலில் புல். இரண்டில் ரப்பியின் தாடி மட்டும். ஒன்றில் நாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு ஒரு படத்தில் பெருமூச்சு நின்றுபோயிற்று.

எட்டிப் பார்த்தேன். ஹதாஸின் விரலும் மோதிரமும் தெளிவாக விழுந்திருந்தன. அதற்குப் பின்னால், எண்ணெய் சொட்டும் இரண்டு கைகளையும் காற்றில் தூக்கிக்கொண்டு திர்ஸா. அவள் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை, மோதிரத்தையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரப்பிக்குத் தலையை வெட்டிட்டே" என்றாள்.

"ம்."

"சாஞ்சிருக்கு."

"ம்."

இரண்டு பிரதி போட்டாள். ஒன்று ஹதாஸின் ஆல்பத்துக்குப் போனது. இன்னொன்றுக்குச் சட்டம் போட்டு, ஆணியிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துவிட்டு அங்கே மாட்டினாள். சாவிக்கு இப்போது இடமில்லை, தினமும் தேடுகிறேன்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "எங்க கல்யாணப் படம்" என்கிறாள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால், "படம் எடுத்ததே அவன்தான்" என்கிறாள்.