மூன்று மாதிரி போன்கள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பத்தொன்பது வருடமாக வரவேற்பு மேஜையில் போன் எடுக்கிறாள். பேச்சில் புலி. ஆனால் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைத் தவிர யாரும் அவளைத் தேடிக் கூப்பிட்டதில்லை.

இன்டர்நெட் வழியாகப் பேசும் புது ஏற்பாடு வந்தது. மேஜைகளுக்கு எந்த போன் வாங்குவது என்று முடிவு செய்யும் வேலையை முதலாளி அவள் தலையில் கட்டினார். விற்பனைக்காரர் மூன்று மாதிரிகளை வைத்து, புது நம்பர் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஆபீசுக்குள்ள பேசினா எல்லாமே நல்லாத்தான் இருக்கும் மேடம். வெளிய தெரிஞ்சவங்க யாருக்காவது போட்டுப் பாருங்க."

தெரிந்தவர்களாம்! ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று, கூடப் பிறந்த அக்காவுடையது. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சில் வார்த்தை தடித்து ஆறு வருடமாகிறது. "உனக்கென்ன, தனிக்கட்டை" என்றாள் அக்கா. இவள் திருப்பிச் சொன்னதை எழுத முடியாது. அன்றிலிருந்து இவள் செல்போனில் கூப்பிட்டால் அக்கா எடுப்பதில்லை. அம்மாவும் போய்விட்டாள். அக்காவின் குரலை ஒருதரம் கேட்டால் போதும் என்றிருந்தது இவளுக்கு.

முதல் போனில் போட்டாள்.

"ஹலோ, யாரு?"

பெயரைச் சொன்னால் அக்கா வைத்துவிடுவாள். மெக்கானிக் கிளம்பாதபோதும் "கிளம்பிட்டாருங்க" என்று சொல்லிப் பழகிய வாயாயிற்றே.

"போன் கம்பெனிங்க. புது போன் டெஸ்ட் பண்றோம். குரல் தெளிவா கேக்குதா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. சத்தம் நின்றது. "கேக்குதுங்க."

அக்காவின் வாயிலிருந்து வந்த அந்த 'ங்க' சுருக்கென்று தைத்தது.

மறுநாள் இரண்டாவது போன். "கரகரங்குதுங்க." அதற்கு மறுநாள் மூன்றாவது. "கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்குங்க."

அதோடு சோதனை முடிந்தது. இனிமேல் கூப்பிடச் சாக்கில்லை.

"நன்றிங்க. இனிமே தொந்தரவு பண்ண மாட்டோம்" என்றாள். ரிசீவரை வைக்க மனம் வரவில்லை.

"முதல் போனையே வாங்கு" என்றாள் அக்கா. "அதுல நீ வாயைத் தொறந்ததுமே நீதான்னு தெரிஞ்சுது."

அக்கா வைத்துவிட்டாள்.

முதலாளி கொடுத்த தாளில் முதல் போனுக்கு நேரே டிக் போட வேண்டும். தன் குரல் என்று தெரிந்த பிறகும் இரண்டு நாள் அக்கா போனை எடுத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டிக் போடக் கண் தெரியவில்லை.