நஸிபேயின் கிரேக்கம்

செய்தி வந்தபோது பின்னேரம் நாலு மணி இருக்கும். சுந்தரேஸ்வரி பக்கத்து வீட்டுக் கிரேக்கக்காரி ஸ்தமாத்தியாவின் குசினியில், ஜன்னலோரத்துச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஸ்தமாத்தியா வேலைக்குப் போனால் வீட்டுத் திறப்பு இவளிடம்தான் இருக்கும். அந்த மாடியில் தொலைபேசி இருந்ததும் அந்த ஒரு வீட்டில்தான். யாழ்ப்பாணத்தில் இருந்த தம்பி மகேந்திரராஜாவுக்கும் அந்த இலக்கத்தையே கொடுத்திருந்தாள். ஆகவே அது மணியடிக்கும்போதெல்லாம் ஊரில் யாருக்கு என்னவோ என்றுதான் எடுப்பாள்.

எடுத்தாள். தமிழ் இல்லை. துருக்கி மொழியில் ஓர் ஆண்குரல். அப்பாடா என்று மூச்சு வந்தது.

"ஸ்தமாத்தியா அக்காவோ?"

"சொல்லுங்கோ" என்றாள், அதே மொழியில். அவளுடைய துருக்கி மொழி முழுக்க ஸ்தமாத்தியாவிடமிருந்து வந்தது. கிரேக்க இழுவையும் சேர்ந்தே வந்திருந்தது. பேசியவர் சந்தேகப்பட வழியில்லை. அவர் எதிர்வீட்டுத் துருக்கிக்காரி நஸிபேயின் தமையன். இலையுதிர்கால விடுமுறைக்குக் காரில் ஊருக்குப் புறப்பட்ட நஸிபே, யூகோஸ்லாவியாவில் நெடுஞ்சாலை விபத்தில் செத்துப்போனாள். புருசன் ஆஸ்பத்திரியில். நாளைக்கு அடக்கம். உங்களுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று எடுத்தேன் என்றார், அழுதார், வைத்துவிட்டார்.

சுந்தரேஸ்வரி அதைத் தமிழில் மாற்றிப் பார்க்கவில்லை. மாற்றாமலே விளங்கியது. அந்த மொழியில் அப்படி அவளுக்கு விளங்கிய முதல் செய்தி அதுதான்.

ஸ்தமாத்தியா ஐந்தரைக்கு வந்துவிடுவாள். சனிக்கிழமை அவளும் ஊருக்குப் போகிறாள். அறையில் பெட்டி கட்டி வைத்திருந்தது. அவளுடைய ஊரும் நஸிபேயின் ஊரும் ஒரே ஆற்றின் இரண்டு கரைகள். நடுவில் எல்லை. இந்த வருசம் நஸிபேக்கு விசா கிடைத்திருந்தது. பாலம் கடந்து வந்து, ஸ்தமாத்தியாவின் தாயோடு கிரேக்க மொழியில் பேசுவதாக இருந்தாள். துருக்கிக்காரி கிரேக்கம் பேசுவாள் என்று அந்தத் தாய் நம்பவே இல்லையாம். இனி ஸ்தமாத்தியாவுக்கு இதை யார் சொல்வது? வேறு ஆள் இல்லை. சுந்தரேஸ்வரி கதிரையில் இருந்தாள். வெயில் மேசையில் இறங்கி, பிறகு மெல்ல நிலத்துக்கு வந்தது.

அவள் எண்பத்தைந்தாம் ஆண்டில் கிழக்குப் பேர்லின் வழியாகப் பிராங்பேர்ட்டுக்கு வந்தவள். அரசாங்க அலுவலகமான வவுனியாக் கச்சேரியில் தட்டெழுத்தாளராக இருந்தாள். அங்கே பக்கத்து மேசையில் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். வருசக்கணக்காக ஒன்றாகத் தட்டினார்கள், ஒருத்தி மொழியை மற்றவள் கேட்டதில்லை. இங்கே அகதி வழக்கு முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. கணவர் சோதிலிங்கம் உணவகத்தில் களவாகக் கோப்பை கழுவப் போய்விட்டால், அவள் உடுப்புக் காயப்போடும் மேல்மாடிக்கு ஏறிவிடுவாள்.

அங்கே கூரைக் கண்ணாடியால் வெளிச்சம் வழியும். வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காற்றில்லாமலே அசைவதுபோல் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் இரண்டு குரல்கள். முகம் தெரியாது. ஸ்தமாத்தியாவும் நஸிபேயும் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: அந்த மாடியில் கிரேக்கக்காரி துருக்கி மொழிதான் பேசவேண்டும், துருக்கிக்காரி கிரேக்கம்தான். வாய் தவறித் தன் மொழி பேசுகிறவள் மற்றவளின் ஈரக் கம்பளியையும் பிழியவேண்டும்.

இது ஒன்றும் தெரியாத சுந்தரேஸ்வரி, கேட்டதெல்லாம் ஜேர்மன் என்று நினைத்தாள். இரண்டு மாதம் கேட்டுப் பொறுக்கிய சொற்களோடு வெதுப்பகத்துக்குப் போய்ப் பாண் கேட்டாள். கடைக்காரி உள்ளே போய் ஒரு துருக்கிப் பெண்ணைக் கூட்டிவந்தாள். தான் பேசியது ஜேர்மன் இல்லை, துருக்கி மொழி என்று தெரிந்தது; அப்போதும் பாதிதான் வெளித்தது. துருக்கி மொழி பேசுகிறவள் துருக்கிக்காரி என்று கணக்குப் போட்டு, ஸ்தமாத்தியாவிடம், "அக்கா, உங்கட துருக்கியில குளிரோ?" என்று கேட்டாள். இரண்டு பேரும் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பார் நஸிபே, என்னைத் துருக்கிக்காரி ஆக்கிப்போட்டாய்."

"உன்ரை துருக்கியைக் கேட்டு ஏமாற இந்தப் பிள்ளை ஒண்டுதான் கிடைச்சுது."

"உன்ரை கிரேக்கத்தைக் கேட்டால் எங்கட அம்மான்ரை கோழியும் சிரிக்கும், போ."

அவர்கள் எந்த மொழியில் பேசினாலும் அது சுந்தரேஸ்வரியின் மனதில் யாழ்ப்பாணத்துப் பேச்சாகவே தங்கியது. அன்றிலிருந்து அவளும் அந்தச் சட்டத்துக்குள் வந்தாள். துருக்கி மொழியைக் கிரேக்கக்காரியிடமும், கிரேக்கத்தைத் துருக்கிக்காரியிடமும் படித்தாள். பிழைகளையும் அப்படியே வாங்கிக்கொண்டாள்.

கதவு திறந்தது. ஸ்தமாத்தியா தோற்பைத் தொழிற்சாலை வாசனையோடு உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றியபடியே, "என்னடி, விளக்கும் போடாமல் இருக்கிறாய்?" என்றாள்.

சுந்தரேஸ்வரி எழுந்து நின்றாள். தமையன் சொன்ன சொற்களிலேயே துருக்கி மொழியில் சொன்னாள். "அக்கா, நஸிபே செத்துப்போனா. ரோட்டில. கார் அடிபட்டு."

"பிழை" என்றாள் ஸ்தமாத்தியா, மற்றச் சப்பாத்தையும் கழற்றிக்கொண்டே. "சொல்லை மாத்திப்போட்டாய். வடிவா யோசிச்சுச் சொல்லு."

அதையே திரும்பச் சொன்னாள். ஒரு சொல்லும் மாறவில்லை.

"எப்பவும் இப்பிடித்தான் நீ. ஜேர்மனில சொல்லு."

அதைச் சொல்ல அவளிடம் ஜேர்மன் இல்லை. மிச்சம் இருந்தது ஒரு மொழிதான். கிரேக்கத்தில் சொன்னாள். நஸிபே கடினமான எழுத்துகளை மெதுவாக்கிச் சொல்வதுபோல, நடுவில் நின்று மூச்செடுத்து, கடைசிச் சொல்லைக் கேள்விபோல உயர்த்தி. வேறு மாதிரிச் சொல்ல அவளுக்குத் தெரியாது.

ஸ்தமாத்தியா சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து, இவளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலப் பார்த்தாள்.

"அவளை மாதிரிக் கதையாதை" என்றாள்.

சுந்தரேஸ்வரி ஜன்னல்பக்கம் திரும்பினாள். குசினி முழுக்க அந்திச் சிவப்பு. கீழே எங்கோ ட்ராம் திரும்பும் சத்தம் இழுபட்டுக் கேட்டது.

"இல்லை" என்றாள் ஸ்தமாத்தியா. "கதை. நிப்பாட்டாதை."

அவள் கதைத்தாள். தமையன் எடுத்தது, அடக்கம், ஆஸ்பத்திரி. தெரியாத இடங்களில் நஸிபே செய்வதுபோலக் கையால் காட்டினாள். ஸ்தமாத்தியா அழவில்லை. வாளியை எடுத்துத் தண்ணீர் நிரப்பினாள்.

"இந்தக் கிழமை மாடிப்படி கழுவிற முறை அவளின்ரை. நான் பாக்கிறன் எண்டு சொல்லி அனுப்பினனான். கீழ் வீட்டு மனுசி கத்தும்."

"நானும் வாறன் அக்கா."

நஸிபேயின் பூட்டிய கதவடியிலிருந்து தொடங்கினார்கள். ஸ்தமாத்தியா துருக்கி மொழியில் பேசிக்கொண்டே துடைத்தாள். தொழிற்சாலையில் முதல்நாள் தையல் மெஷின் முன்னால் நஸிபே விழித்துக்கொண்டு நின்றது, ஆற்றின் அந்தக் கரையில் குரைத்த நாய்கள் தனக்கு இந்தக் கரையில் கேட்டது. சுந்தரேஸ்வரி கிரேக்கத்தில் ஓம் சொன்னாள், கேள்வி கேட்டாள், ஓரிடத்தில் பிழை விட்டாள். ஸ்தமாத்தியா திருத்தவில்லை. முதலாம் மாடித் திருப்பத்தில் துணியை வாளிக்குள் போட்டுவிட்டு, ஈரப் படியிலேயே இருந்தாள். சுந்தரேஸ்வரியும் பக்கத்தில் இருந்தாள்.

அதற்குக் கீழே இருந்த படிகள் அந்தக் கிழமை முழுவதும் கழுவப்படவில்லை.