மர்ஷூதா வளைத்த வரம்பு

மாவடிப்பள்ளி மர்ஷூதா ஒன்றை முடியாது என்றால் முடியாதுதான். கணவர் மௌத்தானபோது, உம்மா சீதனமாகத் தந்த வயலைக் குத்தகைக்குக் கொடுக்கும்படி சொந்தபந்தமெல்லாம் சொன்னது. இத்தா என்னும் துக்க காலம் இருந்து முடிந்த மறுநாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு வயலில் இறங்கினாள். ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு ஓய்ந்தது.

இந்த முறை பிரச்சினை ஒரு பொந்து. பெரும்போக நெற்பயிருக்கு வாய்க்காலில் தண்ணீர் திறக்கவிருந்த வாரம் அது. எல்லை வரம்பில், கறையான் புற்றை ஒட்டித் தெரிந்த பொந்தைப் பெருச்சாளி தோண்டியதென்று நினைத்தாள். வைக்கோலை அடைத்துப் புகை போட்டு, பிறகு மண்ணால் மூடுவது அந்தப் பக்கத்து வயல்காரர்களின் வழக்கம். அவளும் வைக்கோலை அடைத்துவிட்டு நெருப்புப்பெட்டியைத் தேடினாள். பொழுது சாயும் மஃரிப் நேரம். வைக்கோலைத் தள்ளிக்கொண்டு எறும்புத்தின்னியான அழுங்கு ஒன்று வெளியே வந்தது. உடம்பெல்லாம் செதில், வாலில் ஒட்டியபடி ஒரு குட்டி. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் இரண்டையும் மூச்சடைக்க வைத்துக் கொன்றிருப்பேனே என்று மிச்ச வைக்கோலையும் பிடுங்கி எறிந்தாள்.

இனிப் பொந்தை மூட முடியாது. காரணத்தையும் சொல்ல முடியாது. கறையானைத் தின்று தன் பாட்டில் வாழும் பிராணிதான். ஆனால் அழுங்கு என்று வாய் தவறினால் போதும், செதிலுக்காக எவனாவது பிடித்துக் கொன்றுவிடுவான். சட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

மூடாவிட்டாலோ, தண்ணீர் பொந்து வழியாகப் பள்ளத்திலிருக்கும் பக்கீரின் வயலுக்குள் இறங்கி, விதைத்த நெல்லை அழுகவைக்கும். பக்கீர் வந்து சத்தம் போட்டான். நியாயமான சத்தம்தான்.

"மூட மாட்டன் தம்பி," என்றாள். "உங்கட வயலுக்கு ஒரு சொட்டும் வராது. அது என்ட பொறுப்பு."

பொந்தை வெளியே விட்டு, தன் வயலுக்குள்ளேயே வளைத்து ஒரு புது வரம்பு கட்டத் தொடங்கினாள். நன்றாக விளையும் துண்டொன்று வீணாகப் போனது. ஆனாலும் வெட்டினாள். மர்ஷூதாவுக்கு மண்டை கழன்றுவிட்டது என்று பக்கத்து வயல்காரர்கள் சிரித்தார்கள். தண்ணீர் வரும் நாள் காலையிலும் வரம்பு பாதியில்தான் நின்றது. இடுப்பு நிமிர மறுத்தது.

அப்போது பக்கீர் மண்வெட்டியோடு வருவதைக் கண்டாள். ஓடிப்போய்ப் பொந்தை மறித்து உட்கார்ந்தாள். மண் போடுவதானால் என் மேல் போடட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவன் பொந்துப் பக்கம் வரவேயில்லை. புது வரம்பருகே இறங்கி, மண்ணை வெட்டி வரம்பில் போட்டான்.

"நேத்து மஃரிபுக்கு நானும் கண்டன் ராத்தா," என்றான் மெல்ல. "தாயும் குட்டியும் நல்லா இரிக்கி. ஆரும் கேட்டா, உங்களுக்கு மண்டை கழண்டுட்டு எண்டே நானும் சொல்றன்."